அணைப்பது வேறு, திருத்துவது வேறு

திருகோணமலையில் பழைய கார் ஒன்றை விற்க முனைபவர், தமது வாகனத்தின் பெருமைகளை அடுக்கும்போது அண்மைக்காலமாகப் புதிய வாசகம் ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்: "டாஷ்போட்டில ஒரு லைற்றும் இல்லை." முன்னரெல்லாம் "ஒரு கை பாவிச்சது", "டொக்டர் ஓடின கார்" என்பனவே போதுமானவையாக இருந்தன. இப்போது விளக்கு எரியாமையும் ஒரு தகைமையாகிவிட்டது. இதனை நான் தகைமையாக ஏற்பதில்லை. எஞ்சின் விளக்கு எரியாமலிருப்பதற்குக் காரணங்கள் பல. எஞ்சின் நலமாக இருப்பது அவற்றுள் ஒன்று மாத்திரமே. நேற்று மாலை எவராவது குறியீட்டை அழித்திருக்கலாம். பற்றரியைக் கழற்றிப் பூட்டியிருக்கலாம். விளக்கின்மேல் கறுப்பு நாடா ஒட்டியிருக்கலாம். இவை மூன்றும் எமது ஊரில் நடப்பவைதாம்.

அந்த மஞ்சள் விளக்கைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என வாசகர்கள் சிலர் வியக்கக்கூடும். அரசியல் எழுதிப் பழகிய கை இது. ஆயினும் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறக்கப்பட்ட நாட்டில், ஒரு பழைய கார் என்பது பல குடும்பங்களுக்கு வீட்டுக்கு அடுத்த சொத்து. அந்தச் சொத்தின் உடல்நிலையைச் சொல்லும் ஒரே வாய் அந்த விளக்கு. அந்த வாயைப் பொத்துவது ஒரு தொழிலாக வளர்ந்து வருவதைப் பார்த்துக்கொண்டு பேசாமலிருப்பது சரியெனப் படவில்லை.

இந்த விளக்கின் பிறப்பிடம் கலிபோர்னியா. லொஸ் ஏஞ்சலிஸ் நகரத்தின் புகைமூட்டத்தோடு பல தசாப்தங்கள் மல்லாடிய அந்த மாநிலம், 1988 ஆம் ஆண்டு மாதிரிகள் தொடக்கம், கார் தன்னைத்தானே சோதித்துப் பிழையை ஓட்டுநருக்கு அறிவிக்கவேண்டும் என விதித்தது. 1996 இல் அமெரிக்கா முழுவதற்கும் பொதுவான ஒரே முறை கட்டாயமாயிற்று: ஒரே வடிவிலான பதினாறு ஊசித்துளைகள் கொண்ட இணைப்பு, ஒரே குறியீட்டு மொழி. 2001 இல் ஐரோப்பாவும் பெற்றோல் கார்களுக்கு அதனை ஏற்றுக்கொண்டது. எனவே இது எஞ்சினைக் காப்பதற்கென வந்த விளக்கு அன்று; காற்றைக் காப்பதற்கென வந்த விளக்கு. காற்றைக் கெடுக்கும் பிழை எதுவோ அது பெரும்பாலும் எஞ்சினையும் கெடுக்கும் என்பதால் இரண்டுக்கும் பயன்படுகிறது.

எமது ஊரில் ஓடுபவை பெரும்பாலும் ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. 1942 ஏப்ரல் 9 ஆந் திகதி குண்டுவீச்சு விமானங்களில் வந்த ஜப்பான், இப்போது கப்பலில் கார்களாக வந்து இறங்குகிறது. கார்கள் ஜப்பானிய மொழியிலேயே பேசுகின்றன. காலையில் சாவியைத் திருப்பியதும், அந்நாட்டுச் சுங்கவீதிக்குரிய அட்டை செருகப்படவில்லை என்று ஒரு பெண்குரல் பணிவோடு முறையிடுகிறது. உவர்மலையிலிருந்து உப்புவெளி வரை எத்தனையோ வீடுகளின் முற்றத்தில் நாள்தோறும் கேட்கும் இக்குரலின் பொருள் அறிந்தவர் சிலரே. பொருளறியாத குரலோடு வாழப் பழகிய நாம், பொருளறியாத விளக்கோடும் வாழப் பழகிவிட்டோம் போலும்.

எப்போதும் இப்படி இருந்தவர்கள் அல்லர் நாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்தில் பெற்றோல் கண்ணிற்பட்டால் அதிசயம். ஆயினும் மொறிஸ் மைனர்களும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ்களும் ஓடின. கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். எஞ்சினுக்கு வேண்டியவை எரிபொருள், காற்று, தீப்பொறி என்ற மூன்றே என்பது வாடகைக்கார் ஓட்டுநர் ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அந்நாளை நான் போற்றிப் பாடப்போவதில்லை. அக்கார்களின் பின்னால் சைக்கிளில் சென்றவர்களின் கண்ணெரிவும் இருமலும் அந்தத் திறமையின் மறுபக்கம். நான் சொல்லவருவது வேறு. எரிபொருள், காற்று, தீப்பொறி என்ற மூன்றும் இன்றும் அதே மூன்றுதாம். அவற்றை அளந்து சொல்ல ஒரு கணினி இடையில் வந்திருக்கிறது, அவ்வளவே. கணினி என்றதும் நாம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டும்?

2023 இல் கந்தளாயிலிருந்து திரும்பும் வழியில் எனது காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஏற்றத்தில் சற்றுக் குலுக்கல். விளக்கு இடையிடையே மின்னியது. நகரிலுள்ள கராஜ் ஒன்றின் தம்பி, கையடக்கக் கருவி ஒன்றைச் செருகினார், பொத்தானை அழுத்தினார், விளக்கு அணைந்தது. "ஒட்சிசன் சென்சர் போட்டுது ஐயா. திரும்பி வந்தால் மாத்துவம்" என்றார். கருவியில் என்ன குறியீடு வந்தது எனக் கேட்டேன். "அது உங்களுக்கு விளங்காது ஐயா" என்று சிரித்தார். பத்திரிகையாளன் ஒருவனிடம் இந்த வாக்கியத்தைச் சொல்லக்கூடாது. முப்பது வருடங்களாக அதிகாரிகள் பலர் இதே வாக்கியத்தைச் சொல்லி என்னைத் தலைப்புச் செய்திகளுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் விளக்கு திரும்பிவிட்டது. மருமகனிடம் தீப்பெட்டியளவு கருவி ஒன்று இருந்தது. ஸ்ரியறிங்கின் கீழ், வலது முழங்காலுக்கு மேலே உள்ள இணைப்பில் செருகினால் புளூடூத் மூலம் கைத்தொலைபேசியில் வாசிக்கலாம். கனடிய நிறுவனம் ஒன்று ஆக்கிய ஈ.எல்.எம். 327 என்ற சில்லின் போலிகளே இவற்றுட் பெரும்பாலானவை. அந்நிறுவனம் ஒருபோதும் வெளியிடாத 1.5 ஆம் பதிப்பு என்ற முத்திரையோடு உலகெங்கும் விற்பனையாகின்றன. போலியானாலும் குறியீட்டை வாசிப்பதற்குப் போதும். ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென 2000 களின் முற்பகுதியில் ஆக்கப்பட்ட கார்கள் சிலவற்றோடு மட்டும் இவை பேசமாட்டா: இணைப்பின் வடிவம் ஒன்று, உள்ளே பேசும் மொழி வேறு.

எனது காரோடு பேசியது. வந்த குறியீடு பி 0302. "விளங்காது" எனப்பட்டது இதுதான். முதலெழுத்து பி என்றால் எஞ்சினும் கியரும் சார்ந்தது. அடுத்த பூச்சியம், எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான குறியீடு என்பது. ஒன்று என இருந்தால் அந்நிறுவனத்தின் தனிக்குறியீடு. மூன்று என்பது தீப்பொறித் தொகுதி. இறுதியிலுள்ள இரண்டு, இரண்டாம் சிலிண்டர். அதாவது, இரண்டாம் சிலிண்டர் ஒழுங்காக எரியவில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய செய்தி. ஒட்சிசன் சென்சர் பற்றி இதில் ஓர் எழுத்தும் இல்லை.

இக்காலக் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு சிலிண்டரின் தலையிலும் தனித்தனிக் கொயில் அமர்ந்திருக்கும். எஞ்சின் ஆறியபின், இரண்டாம் சிலிண்டரின் கொயிலைக் கழற்றி மூன்றாவதிலும், மூன்றாவதை இரண்டாவதிலும் பூட்டினோம். ஒரு பத்து மில்லிமீற்றர் சாவி, கால் மணித்தியாலம். பின் குறியீட்டைக் குறித்துவைத்து, அழித்து, நிலாவெளி வரை ஓடிவந்தோம். இப்போது பி 0303. பிழை கொயிலோடு சேர்ந்து இடம்மாறியிருந்தது. ஆகவே பிழை கொயிலினுடையது. குறியீடு பி 0302 ஆகவே நின்றிருந்தால் பிளக்கையும், அதற்குப்பின் எரிபொருள் தெளிப்பானையும் பார்த்திருப்போம். கழற்றிய கொயிலின் இணைப்புக்குள் பச்சை பூத்திருந்தது. இருபுறமும் கடல் சூழ்ந்த ஊரில் இது எதிர்பார்க்கவேண்டியதே. உப்புக்காற்று செம்பைத் தின்னும். எமது பகுதியில் சென்சர்கள் 'சாவதாக'ச் சொல்லப்படும் பல சந்தர்ப்பங்களில் செத்திருப்பது சென்சர் அன்று, அதன் இணைப்போ உடலோடு பூட்டிய எர்த் வயரோதான் என்பது எனது ஐயம். பற்றரி வயரைக் கழற்றி, இணைப்புகளைத் துடைத்துப் பூட்டுவதற்குச் செலவே இல்லை.

மின்னும் விளக்குக்கும் நிலையாக எரியும் விளக்குக்கும் வேறுபாடு உண்டு என்பதை இங்கு அழுத்திச் சொல்லவேண்டும். நிலையாக எரிந்தால் அவசரமில்லை. வீடு போய்ச் சேரலாம். மின்னினால் எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், அங்குள்ள வினையூக்கி மாற்றியைப் பழுக்கக் காய்ச்சுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைத்து, முடிந்த விரைவில் நிறுத்தவேண்டும். மின்னும் விளக்கை அழித்துவிட்டு ஓட்டுநரை வீதிக்கு அனுப்புவதை எச்சொல்லால் குறிப்பது என வாசகர்களே தீர்மானிக்கலாம். சிவப்பு விளக்கு இதைவிடக் கடியது. ஒயில் அழுத்தமோ வெப்பமோ சிவப்பில் எரிந்தால் எஞ்சினை உடனே நிறுத்தவேண்டும். ஹபரணைக் காடானாலும் சரியே.

அந்தத் தம்பியிடம் சில வாரங்களின் பின் பேசினேன். சண்டைக்குப் போகவில்லை, கேட்கவே போனேன். அவர் சொன்னது என்னை யோசிக்கவைத்தது. "ஐயா, இப்ப நான் அரை மணித்தியாலம் மினக்கெட்டு கொயில் எண்டு கண்டுபிடிச்சால், அந்த அரை மணித்தியாலத்துக்கு ஆர் காசு தருவினம்? சாமான் மாத்தினால்தான் தருவினம். ஒண்டும் மாத்தாமல் ஆயிரம் ரூபா கேட்டால் கள்ளன் எண்டுவினம்."

இதற்கு என்னிடம் பதிலிருக்கவில்லை. வைத்தியரின் அறைக்குள் ஐந்து நிமிடம் இருந்துவிட்டு ஆயிரக்கணக்கில் கொடுக்கும் நாம், எஞ்சினின் நோயறிதலுக்கு ஒரு சதமும் கொடுக்க மனமில்லாதவர்கள். மூளைக்குக் கூலியில்லை, பொருளுக்கே கூலி என்று நாம் விதித்திருக்கிறோம். ஆகவே திருத்துநர் தமது கூலியைப் பொருளின் விலைக்குள் ஒளித்துவைக்கிறார். பொருள் தேவையில்லாத இடத்திலும் பொருளைத் தேடுகிறார். சென்சர் மாற்றும் கலாசாரத்தின் வேர் அவரது பையில் மட்டும் இல்லை. எமது பையிலும் இருக்கிறது.

ஆனால் அவரது நியாயம் அழிப்பதை நியாயப்படுத்தாது. குறியீடு பதியும்போது கணினி அந்தக் கணத்தையும் ஒரு படம்போலச் சேமிக்கிறது: எத்தனை கிலோமீற்றர் வேகம், எஞ்சின் எத்தனை சுற்று, நீர் எவ்வளவு சூடு. நோயைத் தேடுபவனுக்கு இதனைவிடப் பெரிய உதவி இல்லை. அழிக்கும் பொத்தான் இதனையும் சேர்த்தே அழித்துவிடுகிறது. மேலும், பிழை உண்மையில் நீங்கிவிட்டால், தொடர்ந்து மூன்று ஓட்டங்கள் சுத்தமாக முடிந்ததும் விளக்கு தானாகவே அணையும். எவரும் அணைக்கவேண்டியதில்லை. மறுபுறம், பல பிழைகளுக்கு அடுத்தடுத்து இரண்டு ஓட்டங்களில் அதே குறையைக் கண்டபின்னரே விளக்கு எரியும். அழித்தபின் அது மீண்டும் எரியச் சில நாட்கள் பிடிப்பது இதனாலேயே. ஒரு காரை விற்பதற்கு அச்சில நாட்கள் தாராளம்.

குறியீடுகளிலேயே எமது ஊரில் அதிகம் பணம் விழுங்குவது பி 0420 ஆக இருக்கவேண்டும். வினையூக்கி மாற்றி தனது வேலையைச் சரிவரச் செய்யவில்லை என்பது அதன் பொருள். அது சென்சர் பழுது என்று சொல்வதில்லை. சென்சர் கண்டதைச் சொல்கிறது. ஆயினும் முதலில் பின்பக்கச் சென்சரே மாற்றப்படுகிறது. செய்தி கொண்டுவந்தவனைத் தண்டிக்கும் வழக்கம் எமக்குப் புதிதல்ல. புகைக்குழாயில் ஓட்டை இருக்கிறதா, எஞ்சின் முன்னரே சரிவர எரியாமல் ஓடியதா என்று பார்ப்பார் குறைவு. இறுதியில் "உள்ளுக்குள்ள இருக்கிறதைக் கழட்டினால் நல்லா இழுக்கும்" என்ற ஆலோசனை வருகிறது. கழற்றப்படும் தேன்கூட்டில் பிளாற்றினம், பலேடியம், ரோடியம் ஆகிய மூன்று அருமையான உலோகங்கள் இருக்கின்றன. ரோடியம் 2021 இல் பொன்னைப் பன்மடங்கு விஞ்சிய விலைக்கு விற்றது. இந்த உறுப்பைத் தேடி வாங்குவோர் உண்டு. ஆலோசனை இலவசமாகக் கிடைப்பதன் இரகசியம் இதுவாகவும் இருக்கலாம். கார் உரிமையாளர் தமது சொத்தைக் கூலி கொடுத்துக் கழற்றுவித்து, கையளித்துவிட்டு, நன்றியும் சொல்லிவிட்டு வருகிறார்.

அரசின் புகைப்பரிசோதனை இதனைத் தடுக்காதா என்று கேட்கலாம். 2008 இல் மேல் மாகாணத்தில் ஆரம்பித்துப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிந்த அத்திட்டத்தின் சான்றிதழ் இன்றி வாகன வருமான அனுமதிப்பத்திரம் கிடையாது. ஆனால் பெற்றோல் காரைப் பொறுத்தவரை அது புகைக்குழாயில் குழலை நுழைத்துக் காபனோரொட்சைட்டையும் ஐதரோகாபன்களையும் அளக்கும் சோதனை. இலண்டனில் வாழும் வாசகர்கள் அறிவார்கள்: 2018 மே மாதம் முதல் அங்கு எஞ்சின் விளக்கு எரிந்துகொண்டிருந்தாலே வருடாந்தச் சோதனையில் கார் தோல்வி. ரொறன்ரோ வாசகர்கள் 2013 முதல் 2019 வரை காரின் கணினியையே வாசித்துச் சான்றிதழ் தந்த காலத்தை மறந்திருக்கமாட்டார்கள். கணினியை வாசிப்பதும் முற்றான காப்பு அல்ல. 2015 இல் அம்பலமான வொக்ஸ்வாகன் விவகாரத்தில், சோதனை நடப்பதை உணர்ந்து நல்லபிள்ளையாக நடிக்கும்படி உலகெங்கும் ஒரு கோடியே பத்து இலட்சம் வாகனங்களின் கணினிகளுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது. கறுப்பு நாடா ஒட்டும் எமது ஊரவர் அந்தக் கூட்டத்தின் மிகச் சிறிய அங்கத்தவர்.

வீட்டில் தொடக்கூடாதவையும் உண்டு. ஹைபிரிட் கார்களில் செம்மஞ்சள் நிற வயர்களைக் கண்டால் கையை எடுத்துவிடவேண்டும். ரொயோட்டா அக்குவாவின் பெரிய பற்றரி 144 வோல்ற்று, மூன்றாம் தலைமுறைப் பிரியஸினது 201.6 வோல்ற்று. நேரோட்ட மின்சாரம், இரண்டாம் வாய்ப்புத் தராது. குறியீட்டை வாசித்துத் தெரிந்துகொள்வதோடு நின்று, பயிற்சி பெற்றவரிடம் ஒப்படைப்பதே முறை. காற்றுப்பை விளக்கும் அவ்வாறே. ஆனால் காற்று வடிகட்டிக்குப் பின்னாலுள்ள குழாயில் வெடிப்பு இருக்கிறதா, எலி கடித்ததா, பெற்றோல் தாங்கியின் மூடி இறுகியிருக்கிறதா, இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கு எவரது அனுமதியும் வேண்டியதில்லை.

சீனக்குடாவில் பிரித்தானியர் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் எஞ்சியிருக்கின்றன. 2022 இல் அத்தாங்கிகளின் அயலிலேயே பெற்றோலுக்காக நாம் இரவுபகலாக வரிசையில் கிடந்தோம். பெரியவற்றை மாற்றும் வலு தனிமனிதனுக்கு இல்லை என்று அப்போது பலரும் அலுத்துக்கொண்டார்கள், அது உண்மையே. எஞ்சின் விளக்கு அத்தகைய பெரிய விடயம் அன்று. அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலம் 2012 இல் சட்டமியற்றி, கார் நிறுவனங்கள் தமது முகவர்களுக்குத் தரும் திருத்தத் தகவல்களை வெளித் திருத்துநருக்கும் உரிமையாளருக்கும் தரவேண்டும் என்றது. அத்தகைய சட்டத்துக்காக இங்கு நான் காத்திருக்கச் சொல்லவில்லை. கராஜில் மூன்று காரியங்களைக் கேட்கலாம். அழிப்பதற்கு முன் திரையைக் கைத்தொலைபேசியில் படமெடுக்க விடவேண்டும். வந்த குறியீட்டைப் பற்றுச்சீட்டில் எழுதவேண்டும். மாற்றிய பழைய பொருளைக் கையில் தரவேண்டும். இதற்கு ஈடாக நாமும் ஒன்று செய்யவேண்டும்: நோயறிந்ததற்கெனத் தனியாக ஒரு தொகையை, பொருள் எதுவும் மாற்றாவிட்டாலும், முகஞ்சுழிக்காமல் கொடுக்கவேண்டும். எனது ஊர்த் தம்பி இப்போது எனக்கு அப்படித்தான் சீட்டு எழுதுகிறார். வேறு இருவரும் கேட்கத் தொடங்கியிருப்பதாகச் சொன்னார்.

இன்னொன்று, இது கற்றவர்களுக்கு. கிளிநொச்சி அறிவியல்நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிலையம் போன்ற இடங்களில் வாகனத் தொழில் பயின்ற இளைஞர்கள் எம்மிடையே இருக்கிறார்கள். அடிக்கடி வரும் ஐம்பது குறியீடுகளை, ஒவ்வொன்றுக்கும் முதலில் பார்க்கவேண்டியது எது என்பதோடு, நல்ல தமிழில் இரண்டு பக்கத்துக்குள் எழுதித்தர அவர்களால் முடியும். கராஜ்களின் சுவரில், நடிகைகளின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் அதற்கும் இடமிருக்கும். புலம்பெயர்ந்த நாடுகளில் இத்தொழிலில் இருக்கும் வாசகர்கள் எழுதியனுப்பினால் இவ்விடத்திலேயே வெளியிடுகிறேன்.

பழைய கார் வாங்கப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பி எஞ்சினை இயக்காமல் நிறுத்துங்கள். பொத்தான் கார் என்றால் பிரேக்கை மிதிக்காமல் இருமுறை அழுத்துங்கள். எஞ்சின் விளக்கு எரியவேண்டும். எஞ்சினை இயக்கியபின் அணையவேண்டும். முதலில் எரியாவிட்டால் விளக்கையே எவரோ ஊமையாக்கியிருக்கிறார். அதன்பின் சிறு கருவியைச் செருகினால், குறியீடு கடைசியாக அழிக்கப்பட்டபின் ஓடிய தூரத்தைப் பெரும்பாலான கார்கள் சொல்லிவிடும். அண்மையில் நண்பர் ஒருவருக்காகக் கார் பார்க்கப் போனபோது உரிமையாளர், "இரண்டு வருசமா ஒரு லைற்றும் வரேல்லை" என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். கருவியில் 14 கிலோமீற்றர் என்றிருந்தது.